ஒண்ணா ரெண்டாவும் இரண்டு ஆக்சில்களும்

“ஒண்ணு தெளிவா இருக்கா, ரெண்டு தெளிவா இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே, என் மூக்கின்மேல் உட்கார்ந்திருக்கும் கனத்த சோதனைச் சட்டத்தில் ஒரு வில்லையைச் செருகுகிறார், உருவுகிறார், வேறொன்றைச் செருகுகிறார், பக்கத்து வீட்டுக் கண்ணாடிக் கடைக்காரர். எதிர்ச்சுவரில் எழுத்துகள் பெரிதாகத் தொடங்கி, கீழே போகப் போக எறும்பாகத் தேய்ந்துவிடுகின்றன. எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. முதலில் காட்டியதை இன்னொரு தடவை காட்டுங்கள் என்கிறேன். இந்த வேண்டுகோளை அவர் எந்த வாடிக்கையாளரிடமிருந்தும் ஏற்றதில்லை. “அதெல்லாம் கிடையாது சார். யோசிச்சா கண்ணு பொய் சொல்லும். முதல்ல தோணினதைச் சொல்லுங்க.”

குத்துமதிப்பாக “ரெண்டு” என்கிறேன். தலையை ஆட்டிக்கொண்டு சட்டைப் பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து, என் விரல் பட்ட வில்லையைத் துடைத்து, டப்பாவில் அதற்குரிய பள்ளத்தில் படுக்க வைக்கிறார். அந்தத் துணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான்காக மடித்தது, குழந்தைக் கன்னம்போல மெத்தென்றிருப்பது. கண்ணாடியைத் தவிர வேறு எதன் மேலும் அது படக் கூடாது. அதை அவரே துவைப்பார், அவரே நிழலில் காயப் போடுவார், வீட்டில் வேறு யாரும் தொட அனுமதியில்லை. மெக்கானிக்கான அவருடைய மச்சினன் ஒருமுறை தெரியாத்தனமாக அதில் கையைத் துடைத்துவிட்டான். ஒரு வாரம் அவனோடு பேச்சுவார்த்தை இல்லை. அந்த ஒரு வாரம்தான் நிம்மதியாக வேலை பார்த்ததாக மச்சினன் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

யோசிக்காதீர்கள் என்று காலையிலிருந்து மாலை வரை ஊரை அதட்டும் இந்த மனிதர், தன் விஷயம் என்று வந்துவிட்டால் யோசிப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. டீயா காப்பியா என்று கடைப் பையன் கேட்டுவிட்டுப் போய், நாலு மேசைக்குப் பரிமாறிவிட்டுத் திரும்பி வரும்போதும் அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். முடிவெட்டுபவர் அவரிடம் எதுவும் கேட்பதில்லை, அவர் பாட்டுக்கு வெட்டி அனுப்பிவிடுகிறார். காலணி வாங்கப் போய், கடை அடைக்கும் நேரத்தில் ஒரு காலில் கறுப்பும் மறுகாலில் பழுப்புமாக நின்றவரை நானே பார்த்திருக்கிறேன். தெருவில் அவருக்கு ‘ஒண்ணா ரெண்டா’ என்று பெயர். அது அவருக்கும் தெரியும். கோபப்படலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

இப்படிப்பட்டவருக்குக் கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்காதவர் கிடையாது. பெண் பார்க்கப் போன இடத்தில் அவர் வழக்கம்போலக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு. உங்களுக்குச் சரின்னு நானே சொல்லிடவா?” என்று கேட்டிருக்கிறார். இவர் தலையை ஆட்டியிருக்கிறார். “அது சம்மதமா, சும்மா ஆட்டினதான்னு இன்னிக்கு வரைக்கும் நான் விசாரிக்கலை” என்பார் அந்த அம்மாள்.

அம்மாளுக்கு வானிலை நிலையத்தில் உத்தியோகம். மழை வரும், வராது, இரண்டில் ஒன்றைத் தினமும் சொல்லியாக வேண்டிய வேலை. சொன்னதில் பாதி பொய்த்துவிடும். அதற்காக அவர் ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை. மழை என்று சொல்லிவிட்டால் வெயில் மண்டையைப் பிளந்தாலும் குடையைப் பிடித்துக்கொண்டுதான் தெருவில் நடப்பார். “சொன்னது சொன்னதுதான். மேலே இருக்கறது கேக்கலைன்னா அது அதோட தப்பு.” வீட்டில் என்ன சமைப்பது, எந்தச் சட்டை போடுவது, யார் வீட்டு விசேஷத்துக்குப் போவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. ஓட்டலில் இருவருக்கும் சேர்த்து அவர்தான் சொல்வார். இவர் வந்ததைச் சாப்பிடுவார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சந்தில் ஒண்ணா ரெண்டாவின் பழைய கார் பல மாதமாக நின்றுகொண்டிருந்தது. நின்றுகொண்டிருந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. இளம்பச்சை நிறம், உருண்டையான முதுகு, வைத்திருப்பவரைவிட வயதில் மூத்தது. பின்பக்கத்தை மரக்கட்டைகள்மேல் தூக்கி வைத்திருந்ததால் மூக்கைத் தரையில் வைத்து எதையோ தேடுகிற பாவனையில் இருந்தது. பின் சக்கரங்கள் இல்லை. அவற்றைப் பிடித்திருந்த ஆக்சிலும் இல்லை. நான் தினமும் சைக்கிளைத் தோளில் ஏற்றிக்கொண்டு அதைத் தாண்டிப் போக வேண்டும். அதன் பம்பர் சரியாக என் முழங்கால் உயரம். அந்த இடத்தில் எனக்கு ஒரு நிரந்தரக் கன்றல் உண்டு.

அந்தக் காரை வாங்கிய கதையும் அவர் கதைதான். விற்பவர் வீட்டில் இரண்டு கார்கள் இருந்திருக்கின்றன, ஒன்று பச்சை, ஒன்று சாம்பல். இவர் இரண்டுக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பல நாள் யோசித்திருக்கிறார். அதற்குள் வேறு ஒருவர் வந்து சாம்பல் காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மிச்சம் இருந்ததை இவர் வாங்கினார். “பச்சைதான் எனக்குன்னு இருந்திருக்கு சார்” என்று பிறகு எல்லோரிடமும் உருகினார். சாம்பல் மிச்சமாகியிருந்தால் அதற்கும் இதே உருக்கம் கிடைத்திருக்கும்.

ஆக்சில் போன கதை இதைவிட மோசம். பின் சக்கரங்கள் இரண்டையும் கோத்து நிற்கும் கனமான இரும்புத் தண்டுதான் ஆக்சில். எஞ்சின் அனுப்புகிற சுற்றைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரங்கள் அதன் நடுவயிற்றில் எண்ணெயில் முங்கிக் கிடக்க வேண்டும். எண்ணெய் குறைந்திருக்கிறது, ஊற்றிவிடுங்கள் என்று மச்சினன் சொன்னான். கடையில் இரண்டு டின் காட்டினார்கள், ஒன்று கெட்டி, ஒன்று கொஞ்சம் கூடுதல் கெட்டி. நம்மவர் இரண்டையும் வாங்கி வந்து, கண்ணாடிக் கடை அலமாரியில் ஃபிரேம்களுக்குப் பக்கத்தில் வைத்து, டின்மேல் எழுதியிருந்ததையெல்லாம் படித்து, கேட்கக் கூடியவர்களையெல்லாம் கேட்டு, எதை ஊற்றலாம் என்று யோசித்துக்கொண்டே வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். பழைய கார் வைத்திருப்பவர்கள் சங்கத்தின் ஆண்டு ஊர்வலத்தில், கைதட்டிக்கொண்டிருந்த கூட்டத்துக்கு முன்னால், பின்பக்கத்திலிருந்து இரும்பை இரும்பு மெல்லுகிற சத்தம் வந்தது. அதோடு சரி. திறந்து பார்த்தபோது உள்ளே பல் ஒன்றுகூட முழுசாக இல்லை. இரண்டு டின்னும் இன்னும் மூடி திறக்கப்படாமல் அலமாரியில் இருக்கின்றன. ஒரு அம்மாள் அதை வாசனைத் தைலம் என்று நினைத்து விலை கேட்டுவிட்டுப் போனாராம்.

அதற்குப் பிறகு கடையை அடைத்துவிட்டு வந்ததும் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, காரின் பின்னால் உட்கார்ந்து, ஆக்சில் இருந்த காலி இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. வேறு ஆக்சில் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். தேடுவதில் அவர் சூரர். தேடும் வரைக்கும் எதையும் எடுக்க வேண்டியதில்லையே.

இந்தச் சமயத்தில்தான் அந்த அம்மாளுக்குப் பதவி உயர்வு வந்தது. மலைமேல் இருக்கும் வானிலை நிலையத்துக்கு அவரே பொறுப்பாளர். வருகிற மாதம் முதல் தேதி அங்கே போய்ச் சேர வேண்டும், குறைந்தது நாலைந்து வருஷம் அங்கேதான். இனிப்புப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் வாழ்த்தினேன். கணவரும் வருகிறாரா என்று கேட்டேன்.

“கேட்டேன் சார். ‘நான் போறேன். நீங்களும் வர்றதா இருந்தா வாங்க, அங்கே ஒரு கடை போட்டுக்கலாம். அந்த ஊர்ல கண்ணாடிக் கடையே கிடையாது. ஒரு வீட்டுல ஒரே கண்ணாடியை மூணு பேரு மாத்தி மாத்திப் போட்டுக்கறாங்களாம். வரலைன்னாலும் பரவால்ல, அதையும் சொல்லிடுங்க’ன்னேன்.”

“என்ன சொன்னார்?”

“‘ஆக்சில் வரட்டும், பாப்போம்’னாரு.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் பெட்டியை மூடும்போது அவர் அதைத் தேவைக்கு மேல் அழுத்தி மூடினார். எனக்கு ஒண்ணா ரெண்டாமேல் முதல்முறையாக நிஜமாகவே எரிச்சல் வந்தது. முழங்கால் சம்பந்தப்படாத எரிச்சல்.

பார்ப்போம் என்று அவர் தள்ளிப் போட்ட ஆக்சில், அதற்கு மறுவாரமே வந்து தொலைத்தது. ஒன்றல்ல, இரண்டு. இரண்டும் ஒரே பழைய இரும்புக் கடையில். மச்சினன் ஓடி வந்து சந்தில் நின்றபடியே விளக்கம் சொன்னான். பேசும்போது கையில் ஸ்பேனர் இல்லாவிட்டால் அவனுக்கு வார்த்தை வராது, அதனால் என் சைக்கிள் பம்பை எடுத்து ஆட்டிக்கொண்டே சொன்னான்.

“ரெண்டும் ஒரே கம்பெனி, மாமா. ஒரே நீளம், ஒரே போல்ட்டு. எதைக் கொண்டாந்தாலும் அப்படியே உக்காந்துக்கும். உள்ள இருக்கிற பல்லுதான் வேற. ஒண்ணு இந்தக் காருக்குன்னே செஞ்சது. நேர் ரோட்டுல சும்மா வழுக்கிக்கிட்டுப் போகும். மேடுன்னா நாக்கு தள்ளிடும். இன்னொண்ணு சாமான் வேனுக்குச் செஞ்சது. சுவத்துல ஏறுன்னாலும் ஏறும். ஆனா நேர் ரோட்டுல கொஞ்சம் வேகமாப் போனா கத்தும் பாருங்க, உள்ள இருக்கறவங்க கையாலதான் பேசிக்கணும்.”

“மலைக்கு?” என்றார் ஒண்ணா ரெண்டா.

“கார் ஆக்சிலைப் போட்டா மலை ஏறாது. பாதியில கொதிச்சு நிக்கும். மலைக்குன்னா வேன் ஆக்சில்தான். இதுல யோசிக்க என்ன இருக்கு?”

“ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு கிடைக்காதா மாப்ளே?”

“கிடைச்சா அதையும் சேத்து மூணு ஆயிடும் மாமா.”

அவர் வாளியில் உட்கார்ந்துவிட்டார். விஷயம் சுருக்கமாக இதுதான். கார் ஆக்சில் என்றால் இந்த ஊர், இந்தக் கடை, சங்கத்து ஊர்வலம். வேன் ஆக்சில் என்றால் மலை, மனைவி. இதைப் புரிந்துகொள்ள மெக்கானிக் வேலை தெரிய வேண்டியதில்லை. எனக்கே புரிந்தது. அவருக்கும் புரிந்தது என்பது, மச்சினன் போன பிறகும் அவர் எழுந்திருக்காததில் தெரிந்தது.

மறுநாள் சங்கத் தலைவர் கடைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன், என் கண்ணாடிக் காது ஒன்று கழன்றிருந்தது. தலைவர் தன் காரில் பிறந்தபோது இல்லாத ஓர் ஆணி இருந்தால்கூட ராத்திரி புரண்டு புரண்டு படுக்கிற வகை. கார் ஆக்சிலைச் சனிக்கிழமை வரை இவருக்காக நிறுத்தி வைக்கச் சொன்னவரும், அதற்கு ஆள் வைத்துக் கறுப்புப் பெயின்ட் அடிக்கச் செய்தவரும் அவர்தான். “வேன் ஆக்சிலைப் போட்டீங்கன்னா, மன்னிச்சுக்கங்க, அது கலப்பு வண்டி. கண்காட்சியில ஒரிஜினல் வரிசையில நிறுத்த முடியாது. ‘இதர வாகனங்கள்’னு கடைசியில ஒரு இடம் இருக்கு. கழிப்பறை பக்கம்.” கண்காட்சியில் ஓரத்தில் காரை நிறுத்திப் பழகாத நம்மவர் முகம் சுருங்கிப் போயிற்று. தலைவர் போன பிறகு என் கண்ணாடியை மஞ்சள் துணியால் துடைக்கத் தொடங்கியவர், அதில் துடைக்க ஒன்றுமில்லாமல் போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் கேட்டுவிட்டேன். “ஏங்க, பஸ்ஸில் போகலாமே. காருக்கும் மலைக்கும் எதற்கு முடிச்சுப் போடுகிறீர்கள்?”

“பஸ்ல போனா விருந்தாளி சார். பெட்டியோட போயி, பெட்டியோட திரும்பணும். வண்டியை எடுத்துட்டுப் போனாத்தான் வீட்டுக்காரன்.”

“அப்படியானால் வேன் ஆக்சிலைப் போட்டுக்கொண்டு போங்கள்.”

“போயி அங்க கடை ஓடலைன்னா?”

“அப்படியானால் இங்கேயே இருங்கள்.”

அவர் துடைப்பதை நிறுத்தினார். “இங்கயே இருந்து, அங்க அவளுக்கு நான் இல்லாமலே பழகிப் போச்சுன்னா?”

கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டேன். காது இன்னும் கழன்றேதான் இருந்தது. அதைச் சொல்ல மனம் வரவில்லை, ஒரு கையால் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அம்மாள் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார். சாமான் ஏற்ற வண்டி ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. அவர் கணவனை ஒருமுறைகூட அவசரப்படுத்தவில்லை. ஆனால் மூட்டைகளை இரண்டு குவியலாகக் கட்டினார், தன்னுடையது ஒரு பக்கம், அவருடையது ஒரு பக்கம். தன்னுடைய குவியலுக்குக் கயிறு போட்டார். இன்னொன்றைத் திறந்தபடியே விட்டார். ஒண்ணா ரெண்டா கடைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தத் திறந்த குவியலைச் சுற்றிக்கொண்டுதான் நடக்க வேண்டியிருந்தது. சந்தில் என் முழங்காலுக்குக் கார் எப்படியோ, வீட்டுக்குள் அவருக்கு அது அப்படி.

சனிக்கிழமை மத்தியானம் மச்சினன் அவரைப் பழைய இரும்புக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனான். நானும் போனேன். எனக்கு அங்கே வேலை ஒன்றுமில்லை, என் முழங்காலுக்கு இருந்தது.

தகரக் கதவுகளும் கதவில்லாத வண்டிகளுமாகக் குமிந்து கிடந்த முற்றத்தின் நடுவில், ஏதோ காரிலிருந்து பிடுங்கிய இருக்கை ஒன்றைத் தரையில் போட்டுக் கடைக்காரர் சாய்ந்திருந்தார். அவருக்கு முன்னால் இரண்டு ஆக்சில்களும் கட்டைகள்மேல் படுத்திருந்தன. இடது பக்கம் காருடையது, புதுப் பெயின்டில் கல்யாண மாப்பிள்ளைக் களையோடு. வலது பக்கம் வேனுடையது. அதன்மேல் கிரீஸும் மண்ணும் அப்பி, எந்த நிறத்தில் பிறந்தது என்றே தெரியவில்லை. மச்சினன் இரண்டிலும் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு, எஞ்சின் பக்கம் சேரும் முனையைக் கையால் சுற்றிக் காட்டினான். வேன் ஆக்சிலில் சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் அவன் அதிகம் சுற்ற வேண்டியிருந்தது. அதுதான் மலை ஏறுகிற பல். “பாத்தீங்களா மாமா? இனி என்ன வேணும்?”

அவர் இரண்டையும் சுற்றி வந்தார். குனிந்தார். தட்டினார். தட்டிய சத்தத்தைக் கேட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். திரும்பவும் முதலிலிருந்து சுற்றினார். அம்மாள் நேராக அலுவலகத்திலிருந்து வந்து சேர்ந்தார். அன்று மழை என்று அறிவித்திருந்தார் போலும், கொளுத்தும் வெயிலில் குடை விரிந்திருந்தது. யாரிடமும் எதுவும் கேட்காமல் ஓரமாக நின்றுகொண்டார்.

“ரெண்டையும் வாங்கிடலாமா?” என்றார் நம்மவர்.

“வாங்கி? எண்ணெய் டின் பக்கத்துல வெச்சுக்கவா?” என்றார் அம்மாள்.

கடைக்காரர் கொட்டாவி விட்டார். “சீக்கிரம் சொல்லுங்க சார். நாளைக்குக் காலையில வேற ஒருத்தர் வர்றாரு. ரெண்டுல ஒண்ணை எடுத்துட்டுப் போயிடுவாரு.”

ஒண்ணா ரெண்டாவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. “எதைன்னு சொன்னாரா?”

“வந்து பாத்துட்டுச் சொல்றேன்னாரு.”

“அப்ப சரி. அவரு எடுத்துட்டுப் போகட்டும். நான் நாளைக்கு மத்தியானமா வர்றேன்.”

மச்சினன் சாக்கட்டியைக் கீழே போட்டான். எனக்கு அந்த மனிதரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. ஞாயிறு மத்தியானம் சாமான் வண்டி போயிருக்கும்.

அம்மாள் குடையை மடக்கினார். மழை என்று சொன்ன நாளில் அவர் குடையை மடக்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“கார் அப்படித்தான் வாங்கினீங்க” என்றார். குரல் உயரவில்லை.

“கார் நல்லாத்தானே அமைஞ்சுது…”

“மிச்சம் இருக்கறதை எடுத்துக்கறது உங்களுக்குச் சுலபம். எனக்கு அது வேணாங்க. நான் மலைக்குப் போனப்புறம் இங்க எது மிச்சம் இருக்கோ அதோட இருந்துக்கலாம்னு நினைக்கிறீங்களா? நினைச்சா அதைச் சொல்லுங்க. நான் அழ மாட்டேன். ஆனா எவனோ ஒருத்தன் நாளைக்கு வந்து, நீங்க என்கூட வர்றதா வேணாமான்னு சொல்ல வேணாம்.”

கடைக்காரர்கூட இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நம்மவர் கூரையைத் தேடி அண்ணாந்தார். முற்றத்தில் கூரை இல்லை.

அம்மாள் அவருக்கு முன்னால் வந்து நின்றார். இரண்டு கையாலும் அவர் கண்ணாடியைக் காதிலிருந்து மெதுவாகக் கழற்றினார். ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிற அந்த மனிதருக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் நிற்பது மனைவியா மச்சினனா என்றுகூடத் தெரியாது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கை இரண்டையும் முன்னால் நீட்டி, தண்ணீரில் நிற்பவர்போல நின்றார்.

“என்ன பண்றே? ஒண்ணும் தெரியலை.”

“தெரிய வேணாம். தெரிஞ்சா தட்டிப் பாத்துட்டே இருப்பீங்க.” தோளைப் பிடித்து இடது பக்கம் திருப்பினார். “இது ஒண்ணு.” வலது பக்கம் திருப்பினார். “இது ரெண்டு. ஒண்ணா, ரெண்டா?”

“முதல்ல காட்டினதை இன்னொரு தடவை காட்டேன்.”

“அதெல்லாம் கிடையாது. யோசிச்சா கண்ணு பொய் சொல்லும். முதல்ல தோணினதைச் சொல்லுங்க.”

மச்சினன் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாள் கண்ணாடியின் காதுகளை மடக்குவதும் விரிப்பதுமாக இருந்ததை நான் பார்த்துவிட்டேன். தினமும் மழையை ஊருக்கு அறிவித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர். இந்த ஒரு பதிலைமட்டும் அவரால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை.

ஒண்ணா ரெண்டா கையை நீட்டியபடியே இரண்டடி நடந்தார். கட்டை காலில் இடித்தது. குனிந்து, முழங்காலிட்டு, எதிரில் இருந்ததை இரண்டு கையாலும் தடவினார். கிரீஸ் முழங்கை வரை ஏறியது. தடவிக்கொண்டே போய் அதன் நடுவயிற்றை, பல்சக்கரங்கள் இருக்கிற புடைப்பைக் கண்டுபிடித்தார். பிறகு கறுத்த விரல்களைச் சட்டைப் பைக்குள் விட்டார். மஞ்சள் துணியை எடுத்து, நான்கு மடிப்பையும் பிரித்து உதறி, வேன் ஆக்சிலைத் துடைக்க ஆரம்பித்தார்.